டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு முகம்: காசில்லாத படப்பிடிப்புக்குக் கொஞ்சம் ஒளி

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

போன எபிசோடில் மைக் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "சவுண்டு சரி, எங்ககிட்ட லைட்டே இல்லையே, என்ன பண்றது?" இன்னிக்கு அதைப் பத்தித்தான்.

எந்த கேமரா வாங்கலாம்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. பாலாஜி சக்திவேலோட 'வழக்கு எண் 18/9' 2012ல் வந்தது. அதை விஜய் மில்டன் எடுத்தது கேனன் 7டி கேமராவில், அதாவது கல்யாண போட்டோகிராஃபர்கள் கையில் இருந்த அதே கேமராவில். 2015ல் அமெரிக்காவில் 'டேஞ்சரின்' படத்தை ஐபோன் 5எஸ் வச்சு எடுத்து தியேட்டரில் ஓட்டினாங்க. இன்னிக்கு உங்க பாக்கெட்டில் இருக்கிற போன் அதைவிட நல்ல போன். அதனால கேமராவை விட்டுடுவோம். வெளிச்சத்துக்கு வருவோம்.

நான் வேலை செய்றது பெரும்பாலும் கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை பக்கம். தொழிற்சாலை பாதுகாப்பு வீடியோ, பள்ளிக்கூட ஆண்டு விழா, நண்பர்களோட ஆவணப்படம், எது வந்தாலும் செய்வேன். இன்னிக்கு எடுத்துக்காட்டா ஒரு படப்பிடிப்பை வச்சுக்கறேன். ஒரு நண்பர் தேர்வாய் கண்டிகையில் இருபது நிமிஷ ஆவணப்படம் எடுத்தார். தேர்வாய் கண்டிகைன்னா டயர் கம்பெனி இருக்கிற சிப்காட்டுன்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியும். 2020 நவம்பரில் திறந்த கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கத்தாலும் தெரியும். 500 மில்லியன் கன அடி தண்ணி, சென்னைக் குடிநீருக்கு. சிப்காட் வர்றதுக்கு முன்னாடி அந்த நிலத்தில் ஊர்க்காரங்க ஆடு மாடு மேய்ச்சாங்க, விறகு பொறுக்கினாங்க. நிலத்தை எடுத்தப்போ ஊர் எதிர்த்து நின்னதெல்லாம் செய்திகளில் வந்ததுதான். நண்பரோட படம் அந்த மேய்ச்சலை நினைவில் வச்சிருக்கிற பெரியவங்களைப் பத்தினது. பட்ஜெட்டுன்னு பார்த்தா பெட்ரோலும் சாப்பாடும்தான்.

முதல் நாள் பேட்டிக்கு ஒரு ஆயா வீட்டுக்குப் போனோம். எழுபது வயசு இருக்கும். கேமராவைப் பார்த்ததும் அவங்க சொன்னது: "இதுக்கு முன்னாடியும் ஒருத்தர் வந்து புடிச்சாரு தம்பி. பேத்தி போன்ல காட்டுச்சு. மூஞ்சியே தெரியல. கண்ணும் பல்லும்தான் தெரியுது. நான்தான்னு எனக்கே தெரியல."

சொல்லிட்டுச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. தன் நிலத்தைப் பத்தி ஒருத்தர் சாட்சி சொல்றாங்க. பார்க்கிறவனுக்கு அவங்க முகமே தெரியலைன்னா அந்தச் சாட்சிக்கு என்ன அர்த்தம்? அதனாலதான் லைட்டிங்கை நான் அழகு சம்பந்தப்பட்ட விஷயமா மட்டும் பார்க்கிறதில்ல.

ஏன் அப்படி ஆகுதுன்னு முதல்ல புரிஞ்சுக்குவோம். கேமராவுக்கு முகம்னா என்னன்னு தெரியாது. இன்னிக்கு வர்ற போன்கள் முகத்தைக் கண்டுபிடிக்கும், ஆனா அடிப்படைக் கணக்கு மாறல. கண்ணுக்கு முன்னாடி இருக்கிற மொத்த வெளிச்சத்தையும் சராசரி எடுத்து, ஒரு நடுத்தர சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னாடி கறுத்த ஒருத்தரை உட்கார வச்சா, ஃப்ரேமில் முக்கால்வாசி வெள்ளை. 'அய்யோ, ரொம்ப வெளிச்சம்'னு கேமரா எக்ஸ்போஷரைக் குறைக்கும். சுவர் சாம்பலாகும், முகம் கரியாகும். பின்னாடி திறந்த வாசல் இருந்தா இன்னும் மோசம்.

இதுக்கு ஒரு வரலாறும் இருக்கு. கோடாக் கம்பெனி பல வருஷமா, பிரிண்ட் போடற லேபுகளுக்கு நிறம் சரிபார்க்க ஒரு அட்டை அனுப்பும். அதில் இருக்கிறது ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி கார்டு'ன்னு பேர். அந்தப் பொண்ணோட தோல் சரியா வந்தா பிரிண்ட் சரின்னு அர்த்தம். மத்தவங்க தோல் எப்படி வருதுங்கறது கணக்கிலேயே இல்ல. நம்ம ஊர் ஸ்டுடியோக்காரங்க அதுக்குக் கண்டுபிடிச்ச வைத்தியம் பவுடர். முகத்தில் அப்பி, நேரா ரெண்டு லைட்டு அடிச்சு, ஆளை வெளுப்பாக்கறது. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை கழுத்தும் முகமும் வேற வேற ஆளுடையது மாதிரி இருக்குமே, அதான்.

கறுப்புத் தோலுக்கு லைட் பண்றது கஷ்டம்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். அது வேற மாதிரி பண்ண வேண்டிய வேலை, அவ்வளவுதான். வெளுத்த தோல் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். கறுத்த தோலில் அந்தச் சிதறல் கம்மி, அதனால மேல்பரப்பு மினுமினுப்புதான் முகத்தோட வடிவத்தைக் காட்டும். எண்ணெய் தடவின கருங்கல் சிலையைக் கோயிலில் பார்த்திருப்பீங்க. ஒரே ஒரு விளக்குதான் எரியும், ஆனா கன்னம், மூக்கு, உதடு எல்லாம் தெரியும். விளக்கு சிலைக்குள்ள புகுந்து வர்றதில்ல, மேல பிரதிபலிக்குது. அதே கணக்குதான் இங்கயும். லைட்டோட பவரைக் கூட்டாதீங்க, லைட்டைப் பெரிசாக்குங்க. பெரிய வெள்ளைப் பரப்பு ஒண்ணு பக்கவாட்டில் இருந்தா, கன்னத்தில் அதோட பிரதிபலிப்பு நீளமா விழும். முகம் எழுந்து வரும்.

பெரிய லைட்டுக்கு எங்க போறது? வாசல் இருக்கே. ஆறடி உயரம், மூணடி அகலம். வாடகை கிடையாது.

ஆயா வீடு ஒரே அறை உள்ள கான்கிரீட் வீடு. ஒரு வாசல், ஒரு சின்ன ஜன்னல், நடுவில் ஒரு டியூப்லைட். வழக்கமா பேட்டி எடுக்கிறவங்க என்ன செய்வாங்க? ஆளைச் சுவரோட ஒட்டி உட்கார வைப்பாங்க, டியூப்லைட்டைப் போடுவாங்க, கேமராவை வாசல் பக்கம் வைப்பாங்க. நாங்க முதல்ல டியூப்லைட்டை அணைச்சோம். ஆயாவை வாசலுக்குப் பக்கவாட்டில், நாலடி தள்ளி உட்கார வச்சோம். வாசல் அவங்க இடது கன்னத்துக்கு நேரா. சுவருக்கும் அவங்களுக்கும் நடுவுல ஆறு ஏழடி இடைவெளி.

அந்த இடைவெளிதான் பாதி வேலை. வெளிச்சம் தூரத்தோட இரு மடிக்கு எதிர் விகிதத்தில் குறையும்னு பத்தாம் கிளாஸ் பக்கம் எங்கேயோ படிச்சிருப்போம். ஒரு மீட்டரில் இருக்கிற வெளிச்சம் ரெண்டு மீட்டரில் கால்வாசிதான். வாசல் மாதிரி பெரிய ஒளிக்கு இது அப்படியே பொருந்தாது, கொஞ்சம் மெதுவாத்தான் குறையும். ஆனாலும் குறையும். ஆயா முகத்தில் நல்ல வெளிச்சம், சுவர் அதைவிட மங்கல். இப்ப கேமராவோட சராசரிக் கணக்கே மாறுது. ஒரு ரூபா செலவில்லாம, ஆளை நகர்த்தினதுக்கே இவ்வளவு.

மறு பக்கத்துக்குத் தெர்மோகோல் ஷீட். ஸ்டேஷனரி கடையில் வாங்கினது. வாசலில் இருந்து வர்ற வெளிச்சத்தை வாங்கி நிழல் பக்கம் கொஞ்சம் திருப்பி விடும். எவ்வளவு கிட்ட பிடிக்கிறீங்களோ அவ்வளவு நிழல் குறையும். ரொம்பக் கிட்ட கொண்டுவராதீங்க, முகம் தட்டையாகி பாஸ்போர்ட் போட்டோ ஆயிடும். தெர்மோகோலோட ஒரு பக்கம் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டி வச்சுக்குங்க. வெள்ளைச் சுவர் இருக்கிற சின்ன அறையில் வெளிச்சம் எல்லா இடத்திலும் எதிரொலிச்சு நிழலே இல்லாம போகும். அப்போ கறுப்புப் பக்கத்தைத் திருப்பினா நிழல் திரும்பி வரும். கறுப்புக் கம்பளி இருந்தா அதுவும் போதும்.

இந்த வித்தைக்குச் சொந்தக்காரர் நம்ம நாட்டுக்காரர்தான். சத்யஜித் ராயோட 'அபராஜிதோ', 1956. காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் செட் போட்டாங்க. காசியில் அந்த மாதிரி முற்றத்தில் வெயில் நேரா விழாது, வானத்து வெளிச்சம்தான் மேல இருந்து மெதுவா இறங்கும். ஸ்டுடியோ லைட்டை நேரா அடிச்சா அது வராது. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா செட்டுக்கு மேல வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, லைட்டை எல்லாம் கீழ இருந்து அந்தத் துணியில் அடிச்சார். துணியில் பட்டுத் திரும்பி வந்த வெளிச்சத்தில் படம் பிடிச்சார். அப்போ அவருக்கு வயசு இருபத்தஞ்சு கிட்ட. நம்ம பாலு மகேந்திரா பிறகு 'வீடு', 'சந்தியா ராகம்' மாதிரி படங்களில் இருக்கிற வெளிச்சத்தை மதிச்சு வேலை செஞ்சதைப் பார்த்தாலும் இந்த வழி தெரியும். சினிமா படிக்கிற பசங்க அலெக்ஸா கேமராவைப் பத்திப் பேசற நேரத்தில் பாதியை 'வீடு' படத்தில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்குன்னு பார்க்கிறதுக்குச் செலவழிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுப் புத்தகங்களில் 'வடக்குப் பக்க ஜன்னலில் நேர் வெயில் வராது, நாள் முழுக்க மென்மையான ஒளி'ன்னு எழுதியிருக்கும். லண்டனுக்கு அது சரி. நாம இருக்கிறது 13 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் நமக்கு மத்தியான சூரியன் வடக்குப் பக்கம் சாய்ஞ்சுதான் இருக்கும். கோடையில் வடக்கு வாசலை நம்பிப் போனா வெயில் உள்ள வந்து நிக்கும். முதல் நாளே போய், நாம எடுக்கப் போற அதே நேரத்தில் வாசலைப் பார்த்துட்டு வந்துடுங்க. வெயில் வந்துட்டா வெள்ளை வேட்டி ஒண்ணை வாசலில் கட்டுங்க. அது இன்னும் நல்ல லைட்டாயிடும்.

இனி போன் செட்டிங். முகத்தில் விரலை அழுத்திப் பிடிச்சா எக்ஸ்போஷரும் ஃபோகஸும் பூட்டிக்கும். பூட்டின பிறகு வெளிச்சத்தை மேலயும் கீழயும் இழுத்து, நெத்தியிலயும் கன்ன மேட்டிலயும் இருக்கிற மினுமினுப்பு வெள்ளையா வெடிக்காத அளவுக்கு வைங்க. முகம் உள்ளது உள்ளபடி கறுப்பாவே இருக்கட்டும். அதில் விவரம் தெரியுதாங்கறதுதான் கேள்வி. பியூட்டி ஃபில்டரைக் கட்டாயம் அணைச்சிடுங்க. எழுபது வருஷச் சுருக்கத்தை அது ஒரு நொடியில் இஸ்திரி போட்டுடும். ஐஎஸ்ஓவைத் தானா ஏற விடாதீங்க. இருட்டில் போன் அதை ஏத்திக்கிட்டே போகும், நிழலெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி ஆகும்.

கண்ணு முக்கியம். கருவிழியில் ஒரு வெளிச்சப் புள்ளி விழணும். வாசலோட பிரதிபலிப்பே அந்தப் புள்ளி. அது இல்லைன்னா ஆள் உயிரில்லாம இருக்கிற மாதிரி தெரியும். தலைக்கு மேல தொங்கற பல்பு இதைக் கொடுக்காது. கண் குழியில் நிழல்தான் விழும். 1972ல் 'காட்ஃபாதர்' படத்தில் கார்டன் வில்லிஸ் வேணும்னே மேல இருந்து லைட்டைப் போட்டு மார்லன் பிராண்டோ கண்ணை மறைச்சார். அவர் மனசில் என்ன ஓடுதுன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு. டானுக்கு அது சரி. எங்க ஆயா எதையும் மறைக்க உட்காரல.

சாயங்காலம் ஆயாவோட பேத்தி வேலை முடிச்சு வந்தாங்க. சிப்காட்டில் ஒப்பந்த வேலை, ஷிஃப்ட். அவங்க பேட்டி ராத்திரிதான் முடியும். வாசல் வெளிச்சம் போயிடுச்சு. இப்பதான் டியூப்லைட்டோட சண்டை.

நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியற லைட்டு ஒரு நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/60ல் வச்சா திரையில் கறுப்புப் பட்டை மேலயும் கீழயும் ஓடும். 1/50 அல்லது 1/100 வைங்க, போயிடும். நொடிக்கு 25 ஃப்ரேம் வச்சா 1/50 இயல்பா பொருந்தும். நிறைய போனில் 30தான் இருக்கும், பரவாயில்ல, ஷட்டரை மட்டும் 1/50ல் பூட்டுங்க. அதுக்கு மேனுவல் வசதி உள்ள ஆப் வேணும், இலவசமாவே கிடைக்கும். ஸ்லோ மோஷன் ராத்திரி டியூப்லைட்டில் எடுக்காதீங்க. 120 ஃப்ரேமில் ஒவ்வொரு ஃப்ரேமும் வேற வேற வெளிச்சத்தில் வரும். டிம்மர் போட்ட மலிவு எல்ஈடி இன்னொரு தலைவலி, அது தன் இஷ்டத்துக்கு மினுக்கும். வாங்கறப்போ கடையிலயே போன் கேமராவில் பார்த்துட்டு வாங்குங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

அந்த ராத்திரிக்கு நாங்க செஞ்சது இதுதான். அறை டியூப்லைட்டை அணைச்சோம். ரெண்டு எல்ஈடி பல்பை ஹோல்டரில் மாட்டி, தெர்மோகோலைப் பார்த்துத் திருப்பினோம். தெர்மோகோல் பேத்தி முகத்துக்குப் பக்கவாட்டில், அவங்க கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேல. அதாவது பகலில் வாசல் இருந்த இடத்தில் ஒரு பொய் வாசல். இன்வெர்ட்டர் பல்பு, அதாவது கரண்ட் போனா தானா எரியறது, ஒண்ணு கூட வச்சிருந்தோம். எங்க பக்கம் அது கட்டாயம்.

பல்பு வாங்கும்போது நிறத்தைப் பாருங்க. அட்டையிலேயே கெல்வின் எண் இருக்கும். 6500ன்னா நீலம் கலந்த வெள்ளை, 3000 கிட்டன்னா மஞ்சள். சாயங்கால வெயில் ஒரு பக்கம், 6500 டியூப்லைட் இன்னொரு பக்கம் அடிச்சா, பாதி முகம் ஆரஞ்சு, பாதி முகம் நீலம். எடிட்டிங்கில் சரி பண்ணிக்கலாம்னு சொல்லுவாங்க, பண்ண முடியாது. ஒண்ணை சரி பண்ணினா இன்னொண்ணு கெடும். ஒரே நிறத்தைத் தேர்ந்தெடுத்துட்டு மத்ததை அணைச்சிடுங்க. வொயிட் பேலன்ஸையும் பூட்டிடுங்க, இல்லைன்னா சிவப்புப் புடவை கட்டினவங்க குறுக்கே போகும்போது மொத்த அறையும் நிறம் மாறும்.

தெருவில் சோடியம் விளக்குன்னா இன்னும் கஷ்டம். அந்த மஞ்சளில் மத்த நிறங்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. இல்லாத நிறத்தை எந்த வொயிட் பேலன்ஸும் கொண்டு வராது. ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவங்களை அந்த விளக்கில் எடுத்தோம். நிறத்தோட போராடாம, அவங்களை அப்படியே நிழலுருவமா விட்டு, பஸ் ஹெட்லைட் வரும்போது மட்டும் முகங்கள் தெரியற மாதிரி வச்சோம். படத்தில் எனக்குப் பிடிச்ச ஷாட்டில் அதுவும் ஒண்ணு.

வெளியே, பகலில். ஏரிக்கரையில் ஆடு மேய்க்கிற காட்சி வேணும். நம்ம ஊரில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் மத்தியானம் சூரியன் சரியா தலைக்கு மேல. அப்போ எடுத்தா எல்லார் கண்ணும் குழி. வேற வழியே இல்லைன்னா மர நிழலோட ஓரத்தில் நிறுத்துங்க, நடுவில் வேண்டாம். ஓரத்தில் நின்னா வெளி மண்ணில் பட்டுத் திரும்பற வெளிச்சம் முகத்துக்கு வரும். செம்மண்ணே பெரிய ரிஃப்ளெக்டர். ஆனா வெயிலே கதைன்னா அதிலேயே எடுங்க. 2021ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கின வினோத்ராஜோட 'கூழாங்கல்' பாருங்க. அந்தக் கொளுத்தற வெயிலை மென்மையாக்கியிருந்தா படமே இல்ல.

'கோல்டன் ஹவர்'னு சொல்றதையும் நம்பி ஒரு மணி நேரத்துக்குப் பிளான் போடாதீங்க. நம்ம பக்கம் சூரியன் சரிவா இறங்காது, செங்குத்தா விழும். அடிவானத்துக்கு ஆறு டிகிரி மேல இருக்கிறதில் இருந்து மறையறதுக்கு இருபத்தஞ்சு நிமிஷம்தான். நல்ல வெளிச்சத்துக்கு ரெண்டு ஷாட், மிஞ்சினா மூணு. மறைஞ்ச பிறகும் இருபது நிமிஷம் வானத்து ஒளி இருக்கும். நீர்த்தேக்கத்துப் பக்கம் அந்த நேரத்தில் தண்ணியே கீழ இருந்து லைட் கொடுக்கும், அதை விட்டுடாதீங்க.

வெயிலில் ஷட்டரை 1/50ல் வச்சா போனில் எல்லாம் வெள்ளையா வெடிக்கும். பெரும்பாலான போன் லென்ஸின் துளையைச் சுருக்க முடியாது. அதனால ஷட்டரைத் தானா 1/2000க்கு ஏத்திடும், ஓடற ஆடு வெட்டு வெட்டா தெரியும். இதுக்கு என்டி ஃபில்டர், அதாவது கேமராவுக்குக் கூலிங் கிளாஸ். முழு வெயிலுக்கு ஆறு ஏழு ஸ்டாப் குறைக்கணும், என்டி 64 வாங்கினா ஓரளவு சமாளிக்கலாம். காசு போட்டு வாங்கணும்னு நான் சொல்ற ஒரே சாமான் இதுதான்.

கடைசியா, பட்டர் பேப்பர் பத்தி ஒருத்தர் கேட்டிருந்தார். எல்ஈடிக்கு முன்னாடி தாராளமா கட்டுங்க. ஹாலஜனுக்கு முன்னாடி கட்டினா குறைஞ்சது ரெண்டடி தள்ளிக் கட்டுங்க, ஆள் இல்லாம விட்டுட்டுப் போகாதீங்க. தெர்மோகோலும் ஹாலஜன் பக்கம் வேண்டாம், உருகும், தீப்பிடிக்கும். சின்ன வீட்டில் அவங்க துணி, அரிசி, ரேஷன் கார்டு எல்லாம் அந்த ஒரே அறையில்தான் இருக்கும்.

ஆயா அவங்க பேட்டியைப் போனில் ரெண்டு தடவை பார்த்தாங்க. "இன்னா தம்பி, காதுல கம்மல் கூட தெரியுது"ன்னாங்க. அப்புறம், புடவை சரியில்ல, வேற கட்டிக்கிட்டு வர்றேன், மறுபடி புடின்னு சொன்னாங்க. மறுபடி எடுத்தோம்.

அடுத்த வாரம் எடிட்டிங். கேள்வி இருந்தா அனுப்புங்க, உங்க வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம்னும் சேர்த்து எழுதுங்க.